பழி ஓரிடம், பிழை ஓரிடம்

முற்றாகப் பழுதுபட்ட இயந்திரத்தைத் திருத்துவது எளிது. இடையிடையே பழுதுபடும் இயந்திரத்தைத் திருத்துவதே அரிது. எரியாத விளக்கைக் கண்டவர் மின்குமிழை மாற்றிப் பார்ப்பார். விளக்கு எரிந்ததும் ஐயம் தீர்ந்துவிடும். ஆனால், நாள் முழுவதும் நன்றாக எரிந்து, எதிர்பாராத வேளையில் ஒருமுறை அணைந்து, மறுகணமே மீண்டும் எரியத் தொடங்கும் விளக்கின் குறையை எங்கே தேடுவது? குமிழிலா, ஆளியிலா, சுவருக்குள் ஓடும் கம்பியிலா? அதனைப் பார்க்கவென்று ஒருவர் வந்து நிற்கும்போது அது அணைவதும் இல்லை. இன்றைய இல்லங்களில் இத்தகைய நோய்க்கு மிகுதியும் ஆளாகும் பொருள் ஒன்று உண்டு. கணனி விளையாட்டுகளுக்கென்று பாகம் பாகமாகத் தெரிந்தெடுத்துப் பொருத்தப்படும் கணனியே அது.

தொழிற்சாலையில் முழுமையாகச் செய்யப்பட்டுப் பெட்டியோடு வரும் கணனிக்கு ஒரு நிறுவனமே பொறுப்பு. பொருத்திச் செய்யப்படும் கணனியின் நிலை அவ்வாறன்று. அதன் மூளையாகிய செயலி, அஃதாவது கடைத்தெருவில் புரொசெசர் என வழங்குவது, ஒரு நிறுவனத்தினது. அதனைத் தாங்கும் தாய்ப்பலகை மற்றொரு நிறுவனத்தினது. திரையிலே காட்சிகளை வரைந்து காட்டும் கிராபிக்ஸ் அட்டை வேறொருவருடையது. நினைவகம், மின்வழங்கி, குளிராக்கி ஆகியன ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையிலிருந்து வந்தவை. இவற்றை ஒன்றுகூட்டியவர் ஒரு கடைக்காரராகவோ வீட்டிலுள்ள இளைஞர் ஒருவராகவோ இருப்பார். பாகங்கள் யாவும் தனித்தனியே நல்லனவாயினும், கூடி நின்று உழைக்கும்போது குறை தோன்றலாம். தோன்றினால், தாய்ப்பலகையை விற்றவர் நினைவகத்தைக் காட்டுவார். நினைவகத்தை விற்றவர் மின்வழங்கியைக் காட்டுவார். மூவருமாகச் சேர்ந்து விளையாட்டு மென்பொருளைக் குறை கூறுவர். இறுதியில், கண்டதையெல்லாம் ஏற்றிக் கணனியைக் கெடுத்தவன் என்ற பழி வீட்டுப் பிள்ளையின் தலையில் விழும்.

இது விளையாட்டுக் காரியந்தானே என்று இதனைத் தள்ளிவிடுதல் பொருந்தாது. அத்தகைய கணனி ஒன்றிலே ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு அடங்கியிருக்கலாம். அதே கணனியிற்றான் பாடமும் படிக்கப்படுகிறது, ஒப்படைகளும் எழுதப்படுகின்றன. காரணம் அறியாமல் ஒரு பாகத்தை மாற்றினால் பணம் வீணாகும். நோயோ நின்ற இடத்திலேயே நிற்கும். எனவே, காரணம் காணும் முறை எதுவென்று ஆராய்தல் பயனுடையதாகும்.

முதலில் விளையாட்டு வேளையிலே கணனி ஏன் அடிக்கடி நிலைகுலைகிறது என்பதை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். கடிதம் எழுதும்போது கணனி பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது. விளையாட்டிலோ செயலி, நினைவகம், கிராபிக்ஸ் அட்டை, மின்வழங்கி ஆகிய யாவும் ஒரே வேளையில் உச்ச அளவில் உழைக்கின்றன. அந்த உழைப்பும் ஒருசீரானதன்று. ஒரு கணம் மிகுந்து மறுகணம் குறைகிறது. மின்னோட்டமும் அவ்வாறே ஏறியிறங்குகிறது, வெப்பம் உயர்கிறது. சாதாரண நாளிலே மறைந்து கிடக்கும் வலுக்குறைவு அப்போது வெளிப்படுகிறது. ஆதலின் விளையாட்டு நோயை உண்டாக்கிற்று என்று கூறுவதைவிட, இருந்த நோயை விளையாட்டு வெளிக்கொணர்ந்தது என்று கூறுவதே பல சந்தர்ப்பங்களில் உண்மைக்கு அண்மையானது.

இரண்டாவதாக, கணனி தானே தரும் அறிவித்தலை எவ்வாறு கொள்ளவேண்டும் என்பது. கணனி நிலைகுலையும்போது திரையில் ஒரு வாசகம் தோன்றலாம். விண்டோஸ் இயக்க முறைமையின் நிகழ்வுப் பதிவேட்டிலும் ஒரு குறிப்பு எழுதப்படும். அவை முறைப்பாடுகளேயன்றித் தீர்ப்புகள் அல்ல. ஓர் எடுத்துக்காட்டு: கணனி திடீரென அணைந்து மீண்டால், அப்பதிவேட்டில் ‘கேர்னல் பவர் 41’ என்ற குறிப்பு காணப்படும். பவர் என்ற சொல்லைக் கண்டவுடன் மின்வழங்கியே குற்றவாளியெனப் பலர் முடிவுகட்டிப் புதிய மின்வழங்கி வாங்கிவிடுகின்றனர். அக்குறிப்பின் உண்மைப் பொருளோ, ‘இக்கணனி முறைப்படி மூடப்படாமல் நின்று மீண்டும் தொடங்கியது’ என்பது மாத்திரமே. ஏன் நின்றது என்பதை அது சொல்வதில்லை. வீட்டார் எவரேனும் செருகியைப் பிடுங்கினாலும் அதே குறிப்புத்தான் எழுதப்படும். இதற்கு மாறாக ‘ஹியா லோகர்’ என்ற பெயரோடு வரும் குறிப்புகள் வன்பொருளே தன் பிழையைத் தெரிவித்தமையைக் காட்டுவன. அவற்றிற்குக் கூடிய மதிப்பளித்தல் வேண்டும்.

முறைப்பாட்டுக்கும் தீர்ப்புக்கும் இடையேயுள்ள தூரத்தை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சியொன்று அண்மைக் காலத்தில் நடந்தது. இன்ரெல் நிறுவனத்தின் பதின்மூன்றாம் தலைமுறை, பதினான்காம் தலைமுறை மேசைக்கணனிச் செயலிகளின் கதை அது. காரணம் தேடுவோர் ஒவ்வொருவரும் அதனை அறிந்திருத்தல் நன்று.

பதின்மூன்றாம் தலைமுறைச் செயலிகள் 2022 ஒக்டோபரிலும், பதினான்காம் தலைமுறைச் செயலிகள் 2023 ஒக்டோபரிலும் விற்பனைக்கு வந்தன. அவற்றின் தலைமகனாகிய கோர் ஐ9-14900கே என்னும் செயலி 24 கருக்களைக் கொண்டது. உச்ச வேகத்திலே ஒரு செக்கனுக்கு 600 கோடி கடிகாரத் துடிப்புகளை எட்டவல்லது. விளையாட்டுக் கணனி பொருத்துவோர் பலர் இவற்றை விரும்பி வாங்கினர். 2023இன் இறுதியிலும் 2024இன் தொடக்கத்திலும் ஒரு முறைப்பாடு பெருகலாயிற்று. அன்ரியல் என்ஜின் என்னும் அடித்தளத்தின்மீது அமைந்த விளையாட்டுகளைத் தொடங்கியதும், ‘காட்சி நினைவகம் போதவில்லை’ என்ற வாசகத்தைக் காட்டிவிட்டு அவை நின்றுவிட்டன. காட்சி நினைவகம் என்பது கிராபிக்ஸ் அட்டையின் உறுப்பு. ஆதலின் குற்றம் கிராபிக்ஸ் அட்டையினது என மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் 24 கிகாபைற்று காட்சி நினைவகம் கொண்ட, விலைமிக்க அட்டையை வைத்திருந்தோருக்கும் அதே வாசகமே தோன்றியது. நிறைந்த களஞ்சியத்தைப் பார்த்து நெல் இல்லை என்று கூறுவது போன்றது அது.

உண்மையிலே நடந்தது வேறு. விளையாட்டின் காட்சித் தரவுகள் இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காகச் சுருக்கி வைக்கப்பட்டுள்ளன. விளையாட்டைத் தொடங்கும்போது அவற்றை விரித்தெடுக்கும் வேலை செயலியின் மீது விழுகிறது. அது கடும் உழைப்பு. எல்லாக் கருக்களும் ஒருங்கே இயங்குகின்றன. அவ்வேளையில் செயலி எங்கோ ஒரு கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டது. விரித்தெடுத்த தரவு பிழையாயிற்று. பிழையான தரவைப் பெற்ற மென்பொருள் தான் கேட்ட காரியம் நிறைவேறாமையைக் கண்டு, அதற்கெனத் தன்னிடம் இருந்த வாசகத்தைத் திரையில் இட்டது. அவ்வளவே. பழி ஓரிடம், பிழை ஓரிடம் ஆயிற்று.

இதிலே கவனிக்கத்தக்க இன்னொன்றும் உண்டு. தரவை விரித்தெடுக்கும் ‘ஊடில்’ என்னும் மென்பொருளைச் செய்த ராட் கேம் ரூல்ஸ் குழுவினர், இது தமது மென்பொருளின் பிழையன்று, சில செயலிகளின் வன்பொருட் குறை என 2024இன் தொடக்கத்திலேயே விளக்கம் வெளியிட்டனர். அவர்களது மென்பொருள் தன் கைக்கு வரும் தரவு சரியா பிழையா என்று சோதித்துப் பார்க்கும் இயல்புடையது. அதனாலேயே பிழையை அது முதலிற் கண்டது, கண்டதைச் சொல்லிற்று. சோதித்துப் பார்க்காத மென்பொருள்கள் பிழையான கணக்கை விழுங்கிக்கொண்டு மௌனமாக இருந்தன. சொன்னதன்மீது சந்தேகம் விழுந்தது; சொல்லாதவை நற்பெயரோடு இருந்தன. ஒரு கணனியில் எந்த மென்பொருள் அடிக்கடி முறைப்பாடு செய்கிறதோ அதனையே அகற்றிவிட முனைவோர் இதனை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

2024 ஏப்பிரலில், கிராபிக்ஸ் அட்டை செய்யும் என்விடியா நிறுவனம், இக்குறையுள்ள செயலிகளை உடையோர் இன்ரெல் நிறுவனத்தையே நாடவேண்டும் என அறிவித்தது. அதே காலத்தில் இன்ரெல் நிறுவனம் தாய்ப்பலகை செய்வோரின் அமைப்புகளைச் சுட்டிக்காட்டியது. அக்குற்றச்சாட்டில் உண்மை ஒருபகுதி இருந்தது. உச்ச உழைப்பின்போது 253 வாற்று என்று இன்ரெல் வகுத்த எல்லைக்குப் பதிலாக, சில தாய்ப்பலகைகள் 4096 வாற்று என்று எல்லை வகுத்து விற்கப்பட்டன. எல்லையே இல்லை என்பதுதான் அதன் பொருள். வேக ஒப்பீடுகளில் ஒருவரை ஒருவர் முந்தும் ஆசையே அதற்குக் காரணம். ஆனால், உண்மையின் ஒருபகுதியை முழு உண்மையாகக் கொள்ளுதல் காரணம் தேடுவோர் வழுக்கி விழும் இடமாகும். மிதமான அமைப்புகளோடு இயங்கிய விளையாட்டுச் சேவைக் கணனிகளிலும் அதே செயலிகள் நிலைகுலைந்தமை 2024 யூலையில் வெளியாயிற்று. தாய்ப்பலகையின் மிகைவேகம் மாத்திரமே காரணமென்றால், மிகைவேகம் இல்லாத இடத்தில் நோய் தோன்றியிருக்கலாகாது.

அதன்பின் உண்மை படிப்படியாக வெளிவந்தது. 2024 யூனில் இன்ரெல் தன் நுண்கட்டளைத் தொகுதியில் ஒரு பிழை இருந்தமையை ஒப்புக்கொண்டது. செயலி வெப்பமடைந்த பின்னரும் மேலதிக வேகத்தைக் கைவிடாமல் வைத்திருந்த பிழை அது. ஆயினும் அதுவே மூலகாரணம் அன்று எனவும் கூறிற்று. 2024 யூலை 22ஆம் நாள், செயலி தனக்கு வேண்டியதைவிட உயர்ந்த வோல்ற்றளவைக் கேட்டுப் பெற்றுவந்தது என அறிவித்தது. 2024 ஓகஸ்ட் மாதத்தில் வெளியான திருத்தம், 1.55 வோல்ற்றுக்கு மேற்பட்ட கோரிக்கைகளைக் கட்டுப்படுத்தியது. 2024 செப்ரெம்பரில் மூலகாரணம் முழுமையாக விளக்கப்பட்டது. கருக்களெங்கும் கடிகாரத் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் சுற்று ஒன்று, உயர்ந்த வோல்ற்றளவினாலும் வெப்பத்தினாலும் காலத்துக்கு முன்னரே முதுமை எய்திற்று. முதுமை எய்தியதும், சரியாக இயங்குவதற்கு அதற்கு வேண்டிய குறைந்தபட்ச வோல்ற்றளவு மேலேறிவிட்டது. நேற்றுப் போதியதாயிருந்த வோல்ற்றளவு இன்று போதாமற் போயிற்று.

கண் மங்கிய முதியவருக்குப் படிப்பதற்குக் கூடிய வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சமே அவர் கண்ணை மேலும் மங்கச் செய்யுமானால் நிலைமை என்னாகும்? நிலைகுலைவை நிறுத்துவதற்காக வோல்ற்றளவைத் தாமே உயர்த்திய பயனாளர் சிலரின் நிலை அத்தகையதே. அன்றைய நோய் அடங்கிற்று. செயலியின் முதுமை விரைந்தது. இதனினும் வியப்பானது, உயர்ந்த வோல்ற்றளவு உச்ச உழைப்பின்போது மாத்திரமன்றி, கணனி ஏறக்குறைய ஓய்ந்திருந்த வேளைகளிலும் கேட்கப்பட்டது என்ற செய்தி. விளையாடியதனாற் கெட்டது என்று குற்றஞ்சாட்டப்பட்ட கணனி, எவரும் விளையாடாத வேளையிலும் தன்னைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தது.

நுண்கட்டளைத் திருத்தம் வருமுன் காக்க வல்லது. வந்த சேதத்தை மாற்ற வல்லதன்று. தேய்ந்த செயலியை மாற்றியே ஆகவேண்டும். 2024 ஓகஸ்டில் இச்செயலிகளுக்கான உத்தரவாதக் காலத்தை இன்ரெல் இரண்டு ஆண்டுகளால் நீடித்தது. பெட்டியில் விற்கப்பட்ட செயலிகளுக்கு மூன்றாண்டு உத்தரவாதம் ஐந்தாண்டாயிற்று. முறைப்பாடு செய்தவர்கள் தளராது தம் அனுபவங்களைப் பதிவுசெய்து, ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்த்தமையால் வந்த பயன் இது.

இனி, வீட்டிலுள்ள கணனி ஒன்று அடிக்கடி நிலைகுலைந்தால் செய்யத்தக்கன யாவை? நோயையும் நோய் தோன்றிய காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்தை நாடவேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த ஒழுங்கு இங்கும் பொருந்துகிறது.

முதற்படி குறிப்பெடுத்தல். ஒரு பயிற்சிப் புத்தகமும் பேனாவும் போதும். நிலைகுலைந்த நாள், நேரம், அப்போது இயங்கிய விளையாட்டு, கணனி தொடங்கி எவ்வளவு நேரம் சென்றது, திரையில் தோன்றிய வாசகம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். நிலைகுலைந்த விதத்தையும் பிரித்தெழுதுதல் அவசியம். விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டதா? கணனி முழுவதும் உறைந்து நின்றதா? நீலத்திரை தோன்றியதா? அன்றி, எவ்வித அறிவித்தலும் இன்றி மின்சாரம் அறுந்தாற்போல் அணைந்ததா? இறுதியிற் கூறியது மின்வழங்கியின்மீது சந்தேகத்தைக் கொண்டுசெல்லும். ஒரே ஒரு விளையாட்டு மட்டும் மூடிக்கொள்வதாயின் அவ்விளையாட்டின் கோப்புகளைச் சரிபார்ப்பது தகும். பல விளையாட்டுகளில் பலவகையாக, ஒழுங்கேயின்றி நிகழ்வதாயின் நினைவகத்தையோ செயலியையோ ஐயுறுதல் வேண்டும்.

இரண்டாம் படி இயல்புநிலைக்கு மீட்டல். பொருத்திய கணனிகள் பல, பிறந்த நாள்தொட்டே தம் வரையறையை மீறி ஓடுகின்றன என்பதை உரியவர்களே அறிவதில்லை. ஒரு செக்கனுக்கு 600 கோடி இடமாற்றங்கள், அஃதாவது 6000 என்று பெட்டியில் எழுதிய நினைவகம் ‘எக்ஸ்.எம்.பி.’ என்ற அமைப்பின் துணையாலேயே அவ்வேகத்தை அடைகிறது. அவ்வமைப்பு, எல்லாச் செயலியும் எல்லாத் தாய்ப்பலகையும் நிறைவேற்றுவதாக வாக்களித்த வேகம் அன்று. ஆகவே தாய்ப்பலகையின் பயோஸ் பகுதியிற் சென்று, யாவற்றையும் இயல்பு அமைப்புக்கு மீட்டு, சில நாட்கள் பார்த்தல் வேண்டும். பயோஸின் புதிய பதிப்பு உண்டாயின் அதனை ஏற்றுதல் வேண்டும்; மேலே கூறிய நுண்கட்டளைத் திருத்தம் அதன் வழியாகவே வந்து சேர்கிறது. பயோஸை ஏற்றும் வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் தாய்ப்பலகையே செயலிழக்கக்கூடும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட இலங்கை மக்களுக்கு இவ்வெச்சரிக்கையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் படி வெப்பமும் மின்சாரமும். தூசி அடைத்த விசிறி, உலர்ந்துபோன வெப்பப் பசை, குளிராக்கியின் அடியில் உரிக்காமல் விடப்பட்ட பிளாத்திக்குத் தாள் ஆகியன கண்ணாற் கண்டு தீர்க்கத்தக்கவை. ஆயினும், இக்காலச் செயலிகள் 95 அல்லது 100 பாகை செல்சியசு அளவை அணுகியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்வன. ஆதலின் வெப்பம் பெரும்பாலும் முதலில் மந்தத்தையே உண்டாக்கும். மின்சாரத்தைப் பொறுத்தவரை, மின்வழங்கியின் 12 வோல்ற்று இணைப்பு ஐந்து வீதத்துக்கு மேல் ஏறியிறங்கலாகாது, அஃதாவது 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்றல் வேண்டும். செருகிகள் யாவும் முற்றாக உட்சென்றுள்ளனவா என்று பார்த்தல் மிக முக்கியம். 2022இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டைகள் சிலவற்றின் மின்செருகி உருகியபோது, அது முழுமையாக உட்செலுத்தப்படாமை ஒரு பொதுவான காரணமென என்விடியா அறிவித்தது. கணனியைத் திறக்குமுன் சுவரிலுள்ள செருகியைக் கழற்றிவிடுதல் வேண்டும். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் வீட்டில் எவரும் திறக்கலாகாது. அணைத்த பின்னரும் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் அதனுள்ளே தங்கியிருக்கும்.

நான்காம் படி நினைவகம். ‘மெம்ரெஸ்ற்86’ போன்ற சோதனை மென்பொருள், விண்டோசைத் தொடங்காமலே நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் எழுதி, எழுதியதை மீண்டும் வாசித்துப் பார்க்கிறது. ஓர் இரவு முழுவதும் அதனை ஓடவிடுதல் நன்று. ஒரேயொரு பிழை கண்டாலும் அது புறக்கணிக்கத்தக்கதன்று. அதன்பின் இரண்டு நினைவகத் துண்டுகளில் ஒன்றைக் கழற்றி, மற்றையதை மட்டும் வைத்துப் பார்க்கலாம். பின்னர் இடம் மாற்றிப் பார்க்கலாம். நோய் துண்டோடு செல்கிறதா, செருகிடத்தோடு நிற்கிறதா என்பது அதனாலே தெளிவாகும்.

ஐந்தாம் படி மென்பொருளும் செயலியும். கிராபிக்ஸ் அட்டையை இயக்கும் செலுத்தி மென்பொருளை முற்றாக அகற்றிப் புதிதாக நிறுவுதல் பல குழப்பங்களைத் தீர்க்கும். அதற்கும் தீராதாயின், செயலியின் உச்ச வேகத்தைச் சிறிது குறைத்துப் பார்க்கலாம். இன்ரெல் செயலிகளின் நிகழ்ச்சியில் 55 என்ற வேகப்பெருக்கத்தை 53 ஆகக் குறைத்தபோது பலருக்கு நிலைகுலைவு நின்றது. இது மருந்தன்று, சோதனை. வேகம் குறைந்ததும் நோய் மறைகிறதென்றால் நோய் செயலியிலே இருக்கிறதென்பதற்கு அது வலிய சான்று. உத்தரவாதத்தைக் கோருவதற்கு ஏற்ற ஆதாரமும் அதுவே.

இப்படிகள் யாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். ஒரே மாலையில் நினைவகத்தை மாற்றி, செலுத்தியைப் புதுக்கி, விசிறியையும் துடைத்தவருக்கு நோய் தீர்ந்தாலும் காரணம் தெரியாது. தீராவிட்டால் எதையும் அறிந்தவராகார்.

மாற்றிய பின் எவ்வளவு காலம் காத்திருப்பது? இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். சராசரியாக நாளுக்கு ஒருமுறை, ஒழுங்கின்றி நிலைகுலையும் கணனி, எதையும் மாற்றாவிட்டாலும், நூறு நாட்களில் 37 நாட்கள் அளவில் நிலைகுலையாமலே கழியும். ஆகையால் ஒருநாள் நன்றாக இயங்கியதைக் கண்டு நோய் தீர்ந்தது என மகிழ்தல் பேதைமை. தொடர்ந்து மூன்று நாட்கள் தற்செயலாகவே நலமுற்றிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தளவே. எனவே, இரு நிலைகுலைவுகளுக்கு இடைப்பட்ட சராசரிக் காலத்தைப் போல் மூன்று மடங்கேனும் காத்திருந்து பார்த்தலே தகும். வாரம் ஒருமுறை நிகழும் நோய்க்கு மூன்று வாரம் பொறுத்தல் வேண்டும். பயிற்சிப் புத்தகத்தில் எழுதிய நாட்குறிப்பு இங்கேதான் கைகொடுக்கிறது.

தானாகச் சரியாகிவிடும் என்று வாளாவிருப்போர்க்கும் ஒரு சொல். மைக்கிரோசொப்ற் நிறுவனத்தின் ஆய்வாளர் ஏறத்தாழ பத்து இலட்சம் பொதுமக்கள் கணனிகளின் பதிவுகளை ஆராய்ந்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். வன்பொருட் குறையால் ஒருமுறை நிலைகுலைந்த கணனி மீண்டும் நிலைகுலையும் வாய்ப்பு, முன்னிருந்ததைவிட நூறு மடங்கு வரை உயர்கிறது என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. நினைவகப் பிழைகள் பெரும்பாலும் அதே அறையிலேயே மீண்டும் தோன்றின என்பது மற்றொன்று. வரையறையை மீறிய வேகம் சிறிதளவாயினும் நம்பகத்தைக் கெடுத்தது. வரையறைக்குச் சற்றுக் குறைந்த வேகம் நம்பகத்தை வளர்த்தது. ஆகவே, வன்பொருட் பிழை ஒருமுறை தலைகாட்டினால் அது விருந்தினரன்று, குடியிருக்க வந்தது என்றே கொள்ளவேண்டும்.

விற்பனையாளரிடம் செல்லும்போது வெறும் கோபத்தோடு செல்வதிற் பயனில்லை. பற்றுச்சீட்டு, நாட்குறிப்பு, சோதனை மென்பொருளின் முடிவு, நிகழ்வுப் பதிவேட்டின் பிரதி ஆகியவற்றோடு செல்பவரின் சொல்லுக்கு வலுவுண்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் உத்தரவாதம் தனித்தனியே உண்டாதலால், எந்தப் பாகம் குற்றமுடையது என்று காட்டக்கூடியவரே அதன் பயனை அடைவார். நல்ல விற்பனையாளரும் இதனை விரும்புவார். குற்றமற்ற பொருளைத் திருப்பி எடுக்கும் நட்டம் அவருக்கும் மிஞ்சுகிறது.

இம்முறை கணனிக்கு மட்டும் உரியதன்று. இடையிடையே நிற்கும் நீர்ப்பம்பிக்கும், அவ்வப்போது தலைவலிக்கும் பிள்ளைக்கும், மாதத்துக்கொருமுறை பிழைக்கும் கடைக் கணக்குக்கும் இதுவே வழி. முதலிற் குரல் கொடுத்ததைக் குற்றவாளியாகக் கொள்ளாதிருத்தல், கண்டதை எழுதிவைத்தல், ஒன்றொன்றாக மாற்றிப் பார்த்தல், பொறுமையோடு காத்திருத்தல் ஆகிய நான்கும் கைவந்த இளைஞர் ஒருவர், விளையாட்டுக் கணனியின் முன்னிருந்து கற்றது வீண் பாடம் ஆகாது. ஒரு பொருளின்மீது பழி சுமத்துமுன் சான்று தேடப் பழகியவர், ஒரு மனிதர்மீது பழி சுமத்துமுன்னும் சற்று நின்று யோசிப்பார்.